இரட்டைக் காவல்: அமெரிக்கக் கூட்டாட்சியும் தனிமனித உரிமையும்

அரசமைப்புச் சட்ட நூல்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் சில கருத்துகள் உண்டு. அவற்றை முதலில் சொன்னவர் யார், எந்தச் சூழலில் சொன்னார், சொன்னவாறு நடந்ததா என்று வினவுவோர் குறைவு. அமெரிக்கக் கூட்டாட்சியைப் பற்றி எழுதுவோர் தவறாது எடுத்தாளும் ‘இரட்டைக் காவல்’ என்னும் கருத்து அத்தகையது. புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்குமாறு நியூயார்க் மாநிலத்து மக்களை இணங்கச் செய்யும் நோக்குடன், ‘பப்ளியஸ்’ என்னும் புனைபெயரில் நாளேடுகளில் ஒரு கட்டுரை வரிசை வெளிவந்துகொண்டிருந்தது. ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் எழுதிய 85 கட்டுரைகளில் ஐம்பத்தொன்றாவது, 1788 பிப்ரவரியில் அச்சேறியது. மக்கள் தம் அதிகாரத்தை முதலில் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பகிர்ந்தளிக்கின்றனர். பின்னர் ஒவ்வோர் அரசும் தனக்குள்ளே பல துறைகளாகப் பிரிகின்றது. ஓர் அரசு மற்றதைக் கட்டுக்குள் வைக்கும், தன்னையும் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். எனவே குடிமக்களின் உரிமைக்கு இரண்டு காவல்கள் அமைகின்றன என்பது அதன் சாரம்.

வாதம் அழகானது. அதன் அழகே அதனை ஆராயாமல் ஏற்கச் செய்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். காவலர் இருவர் என்பதால் மட்டும் வீடு காக்கப்பட்டுவிடாது. இருவரும் திருடனுக்கு உறவினராக இருக்கக்கூடும். ‘அது உன் வேலை’ என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு உறங்கவும் கூடும். வீட்டுக்காரன் குரல் கொடுத்தால் யாரேனும் ஒருவர் வந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இருந்ததா என்பதே கேள்வி. அமெரிக்க வரலாற்றில் அக்கட்டாயம் எப்போது இல்லாதிருந்தது, எப்போது வந்தது, வந்தபின் எவ்வளவு தூரம் நிலைத்தது என்பதைச் சமய உரிமை என்னும் ஒரே இழையைப் பற்றிக்கொண்டு காண முயல்வோம். அவ்விழை நம்மைத் தொடக்கத்திலேயே எதிர்பாராத ஓரிடத்துக்கு அழைத்துச் செல்கிறது.

1788 ஜூலை இறுதியில் வட கரோலினாவின் ஹில்ஸ்பரோ நகரில், அரசமைப்புச் சட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்ய மாநில மாநாடு கூடியது. ஆறாம் உறுப்பின் ஒரு வாசகம் பிரதிநிதிகளை உறுத்திற்று. மத்திய அரசின் கீழுள்ள எப்பதவிக்கும் சமயச் சோதனை கூடாது என்பது அவ்வாசகம். பாப்டிஸ்ட் போதகரான ஹென்றி அபட், மக்களில் பலரிடம் நிலவிய அச்சத்தை அவையில் எடுத்துரைத்தார்: இவ்வாசகம் இருந்தால் புறச்சமயத்தாரும், வேதங்களை ஏற்காத இறைநம்பிக்கையாளரும், முஸ்லிம்களும் பதவிக்கு வந்துவிடலாமே! வில்லியம் லங்காஸ்டர் என்னும் பிரதிநிதி இன்னும் நெடுந்தொலைவு நோக்கினார். இன்னும் பிறவாத கோடிக்கணக்கானோருக்காக அரசு அமைக்கிறோம். நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கத்தோலிக்கர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ நாட்டின் தலைமை இருக்கையில் அமரலாம். அதனைத் தடுக்கும் எதுவும் இதில் இல்லை என்பது அவருடைய கவலை.

அவர்களுக்கு விடையளித்தவர் ஜேம்ஸ் ஐர்டெல். பின்னாளில் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். சமயத்தைக் காரணம் காட்டி மனிதரை ஒதுக்குவது கொடுமைக்கே வழிவகுக்கும் என்று அவர் துணிவுடன் பேசினார். கிறித்தவரல்லாத சாட்சிகள் தம் சமய முறைப்படி செய்த சத்தியத்தை ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, இந்தியாவைச் சார்ந்த வழக்கொன்றையும் எடுத்துக்காட்டினார். ஆனால் அதே உரையில் அவையோரின் அச்சத்தைத் தணிக்க அவர் கையாண்ட இன்னொரு நியாயம் நம் கவனத்துக்குரியது. தங்கள் சமயத்திலிருந்து பெரிதும் வேறுபட்டவர்களிடம் அமெரிக்க மக்கள் தம் உரிமைகளை ஒப்படைப்பார்கள் என்று எண்ணவே இடமில்லை என்றார் அவர். அதாவது கதவு திறந்தே இருக்கும். ஆயினும் உள்ளே வருவோரைப் பெரும்பான்மை தேர்ந்தெடுக்கப்போவதில்லை. ஆகவே கவலை வேண்டா. உரிமையைப் பாதுகாக்க வந்தவரே அவ்வுரிமை பயன்படப்போவதில்லை என்பதை அதற்கு நற்சான்றாக நிறுத்தினார். எதிர்த்துப் பேசிய லங்காஸ்டர்தான் அச்சட்ட வாசகத்தின் பொருளை முழுமையாக உணர்ந்திருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்விவாதம் முழுவதும் மத்திய அரசின் பதவிகளைப் பற்றியது. மாநிலப் பதவிகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படத் தேவையும் இருக்கவில்லை. வட கரோலினாவின் 1776ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, புராட்டஸ்டன்ட் சமயத்தின் உண்மையை மறுப்போர் மாநிலத்தில் எப்பொறுப்பும் வகிக்க முடியாது என்று முன்னரே தாழிட்டிருந்தது. ஆக, சட்டத்தின்படி ஒரு முஸ்லிம் அமெரிக்கக் குடியரசின் தலைவராகலாம். வட கரோலினாவில் ஒரு சிற்றூர்ப் பதவிக்கு வர முடியாது. இரண்டு காவல்களில் ஒன்று கதவைத் திறந்து வைக்க, மற்றொன்று சாவியை மடியில் முடிந்து வைத்திருந்தது.

ஹில்ஸ்பரோ மாநாடு அரசமைப்புச் சட்டத்தை ஏற்காமலே கலைந்தது. ஓராண்டுக்குப் பின், 1789 நவம்பரில், அதே மாநிலத்தின் ஃபயட்வில் நகரில் கூடிய இரண்டாவது மாநாடுதான் அதனை ஏற்றது. அந்த ஃபயட்வில் நகரத்துச் சிறையில் 1810இல் ஒரு மனிதர் அடைபட்டார். பெயர் உமர் இப்னு ஸயீத். இன்றைய செனகல் நாட்டின் ஃபூத்தா தோரோ பகுதியில் பிறந்து, பல்லாண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். 1807இல் கைப்பற்றப்பட்டுத் தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எசமானனிடமிருந்து தப்பி வடக்கே நடந்து வந்தவர் பிடிபட்டார். சிறைச் சுவரில் அவர் அரபு எழுத்துகளை எழுதியதைக் கண்டு ஊரார் வியந்தனர் என்பது அவரைப் பற்றி எழுதியோர் தரும் செய்தி. ஜேம்ஸ் ஓவன் என்பவர் அவரை விலைக்கு வாங்கினார். அந்த ஓவன் 1817 முதல் 1819 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினர். அவருடைய சகோதரர் ஜான் ஓவன் 1828 முதல் 1830 வரை வட கரோலினாவின் ஆளுநர். மத்திய அரசும் மாநில அரசும் ஒரே குடும்பத்தின் வடிவில் அந்த அடிமையின் தலைமாட்டில் நின்றன. மேடிசனின் இரட்டைக் காவல் இவருக்கு இவ்வாறுதான் வாய்த்தது.

1831இல் உமர் தம் வாழ்க்கையை அரபு மொழியில் சில பக்கங்களில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஒருவர் அரபு மொழியில் எழுதிய தன்வரலாறுகளில் இன்று எஞ்சியுள்ளதாக அறியப்படுவது அதுவொன்றே. அது ஸூரத்துல் முல்க் அத்தியாயத்துடன் தொடங்குகிறது. ஆட்சியும் உடைமையும் யாருக்குரியவை என்று கூறும் அத்தியாயம் அது. தம் உரிமையாளரைப் பற்றி அவர் நன்றியுடனே எழுதுகிறார். திருமுழுக்குப் பெற்றவராகவும் அவரைப் பதிவுசெய்துள்ளனர். ஆகவே அந்தத் தொடக்கத்தில் நாம் விரும்பும் பொருளையெல்லாம் ஏற்றிவிடக் கூடாது. எனினும், இறைமை மத்திய அரசுக்கா மாநிலத்துக்கா என்று நாடே வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், அவ்விரண்டுக்கும் சொந்தமல்லாத ஓர் இறைமையைக் கூறி ஒருவர் தம் கதையைத் தொடங்கினார் என்பதை எளிதில் கடந்து போக இயலவில்லை. நம் தமிழில் ‘இறைமை’ என்ற சொல்லே இருபொருளும் தாங்கி நிற்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். 1857இல் அவர் எழுதிய மற்றொரு தாளில் இருப்பது ஸூரத்துன் நஸ்ர். அதன் பின்புறத்தில் அது கிறித்தவர்களின் மன்றாட்டு என்று யாரோ ஆங்கிலத்தில் குறித்து வைத்தனர். அவர் விடுதலை காணாமலே, உள்நாட்டுப் போர் முடியுமுன் இறந்தார்.

இனி மேடிசனுக்கு வருவோம். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவரை மேற்கோள் காட்டுவோர் அவருக்குச் செய்துவரும் அநீதியைச் சுட்டுவதே நோக்கம். இரட்டைக் காவல் போதாது என்பதை மேடிசனே நன்கறிந்திருந்தார். சிறிய சமூகத்தில் ஒரே மனப்பாங்குடைய பெரும்பான்மை எளிதில் உருவாகிச் சிறுபான்மையை நசுக்கும் என்பது பத்தாம் கட்டுரையின் கருப்பொருள். தம் சொந்த மாநிலமாகிய வர்ஜீனியாவில் பாப்டிஸ்ட் போதகர்கள் சிறையிடப்பட்டதை இளமையில் கண்டு கொதித்தவர் அவர். அதனால்தான் 1787இல் பிலடெல்பியாவில் அரசமைப்புச் சட்டம் வரையப்பட்டபோது, மாநிலச் சட்டங்களை ரத்துசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு வேண்டும் என்று வற்புறுத்தித் தோற்றார். 1789இல் உரிமைச் சாசனத்துக்கான திருத்தங்களை அவையில் முன்மொழிந்தபோது மீண்டும் ஒருமுறை முயன்றார். மனச்சான்றுரிமை, அச்சுரிமை, குற்ற வழக்குகளில் ஜூரி விசாரணை ஆகிய மூன்றையும் எந்த மாநிலமும் மீறலாகாது என்பது அவர் முன்மொழிந்த திருத்தங்களுள் ஒன்று. பட்டியலிலேயே மிக மதிப்புடையது அதுவென்று அவரே கூறினார். கீழவை ஏற்றது. மேலவை நிராகரித்தது. மேலவையின் உறுப்பினர்களை அப்போது தேர்ந்தெடுத்தவை மாநிலச் சட்டமன்றங்கள் என்பதை நினைவிற்கொண்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஐம்பத்தொன்றாம் கட்டுரையை மட்டும் எடுத்தாண்டு, இந்தத் தோல்வியைக் குறிப்பிடாமல் விடும் நூல்கள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. 1791இல் நடைமுறைக்கு வந்த உரிமைச் சாசனம் மத்திய அரசை மட்டுமே கட்டியது. சமயத்தை நிறுவும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்ற முதல் திருத்தம் உயிரோடிருந்த காலத்திலேயே, கனெக்டிகட் 1818 வரையிலும் மாசசூசெட்ஸ் 1833 வரையிலும் வரிப்பணத்தால் திருச்சபைகளைப் பேணின. அந்த 1833ஆம் ஆண்டிலேயே, பால்டிமோர் நகராட்சி ஓடைகளைத் திருப்பிவிட்டதால் தம் படகுத்துறை வண்டலால் தூர்ந்துபோயிற்று என்று இழப்பீடு கேட்டு வந்த ஒருவரிடம், உரிமைச் சாசனம் மாநிலங்களைக் கட்டாது என்று தலைமை நீதிபதி மார்ஷல் கூறி அனுப்பினார். அது சொத்து வழக்கு. மனச்சான்றின் முறை 1845இல் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகராட்சி, இறுதிச் சடங்குகளைக் குறிப்பிட்ட ஓர் ஆலயத்தில் மட்டுமே நடத்த வேண்டுமென விதித்திருந்தது. வேறோர் ஆலயத்தில் சடங்கு நடத்திய பெர்மோலி என்னும் கத்தோலிக்கக் குருவுக்கு அபராதம் விழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் விடை சுருக்கமானது: மாநிலக் குடிமக்களின் சமய உரிமையைப் பாதுகாக்க அரசமைப்புச் சட்டத்தில் இடமில்லை, அது மாநிலங்களின் பொறுப்பு. மேடிசனின் திருத்தம் நிறைவேறியிருந்தால் அக்குரு கேட்பாரற்றுத் திரும்பியிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் நம் வாசகர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ‘மாநில உரிமை’ என்னும் சொல் தமிழகத்தில் வளர்ந்த செவிகளுக்கு இனிமையாகவே ஒலிக்கும். 1969இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழு தொடங்கி, அது இங்கு மொழிக்கும் தன்மதிப்புக்கும் துணை நிற்கும் சொல். அமெரிக்கக் கறுப்பின மக்களின் செவியில் அதே சொல் சவுக்கின் ஓசையோடு கலந்தே விழுகிறது. ஆனால் நம் நாட்டின் அரசமைப்புச் சட்டம் மேடிசன் இழந்ததைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொண்டது என்பதையும் கருத வேண்டும். அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்ட ‘அரசு’ என்னும் சொல்லுக்கு 12ஆம் உறுப்பு தரும் விளக்கத்தில் நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம், உள்ளாட்சி யாவும் அடங்கும். இங்கே உரிமை மீறப்படுவதில்லை என்பதன்று இதன் பொருள். மீறியவர் மாநில அரசு என்பதால் வழக்கே எழாது என்று எவரும் சொல்ல முடியாது என்பது மட்டுமே.

மாநிலங்கள் எப்போதும் ஒடுக்குவோர், மத்திய அரசே மீட்பர் என்று கதையை மாற்றிப் பாடுவோரும் உளர். அதுவும் பாதிக் கதையே. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை. தம் சார்பில் சாட்சி சொல்லும் உரிமையும் இல்லை. அவரை அடிமைத்தனத்துக்குத் திருப்பியனுப்பினால் விசாரணை ஆணையருக்கு 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர். நீதிக்கு இவ்வளவு வெளிப்படையாக விலைச்சீட்டு ஒட்டிய சட்டத்தை வேறெங்கும் நாம் படித்ததில்லை. அதனை எதிர்த்து நின்றவை வடக்கு மாநிலங்கள். விஸ்கான்சினில் தப்பி வந்த ஒருவரைச் சிறையிலிருந்து மீட்ட கூட்டத்துக்குத் துணைநின்ற பத்திரிகையாசிரியர் ஷெர்மன் பூத்தை அம்மாநில நீதிமன்றம் விடுவித்தது. 1859இல் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையைத் தள்ளியது. பின்னர் 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்து சென்றபோது வெளியிட்ட காரண அறிக்கையைப் படித்தால், வடக்கு மாநிலங்கள் மத்திய சட்டத்துக்குப் பணிய மறுத்தன என்பதே அதன் முதன்மைப் புகார்களில் ஒன்றாக நிற்கிறது. மாநில உரிமைக்காகப் பிரிந்தோம் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்கள், பிரியும்போது எழுதி வைத்தது மற்ற மாநிலங்களின் உரிமையை எதிர்த்து! வேலி எது, பயிர் எது, மேய்வது எது என்பதெல்லாம் அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே மாறிவந்தது.

போருக்குப் பின், 1868இல் பதினான்காம் திருத்தம் வந்தது. எந்த மாநிலமும் குடிமக்களின் உரிமைகளைக் குறைக்கலாகாது, உரிய சட்ட நடைமுறையின்றி உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கலாகாது, சமமான பாதுகாப்பை மறுக்கலாகாது. இதனை வரைந்த ஒஹையோ பிரதிநிதி ஜான் பிங்காமும், மேலவையில் முன்வைத்த ஜேக்கப் ஹோவர்டும் உரிமைச் சாசனத்தை இனி மாநிலங்கள் மீதும் செலுத்துவதே கருத்து என்பதை மறைக்கவில்லை. 1789இல் இழந்தது எண்பது ஆண்டு கழித்து, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை விலையாகக் கொடுத்தபின் கிடைத்தது. கிடைத்த ஐந்தாண்டுகளிலேயே அது பறிபோயிற்று.

1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானா மாநிலத்தின் கோல்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் கொன்று குவித்தது, சரணடைந்தோரும் தப்பவில்லை. மறுநாள், ஏப்ரல் 14 அன்று, வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் அதே லூசியானாவின் இறைச்சிக்கூட வழக்கில் தீர்ப்பளித்தது. நியூ ஆர்லியன்ஸ் இறைச்சி வணிகர்கள் ஒரு தனியுரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. நீதிபதி மில்லர், ஐவர் சார்பில், பதினான்காம் திருத்தம் காக்கும் குடிமக்களின் உரிமைகள் மிகச் சிலவே என்று குறுக்கினார். மாநிலச் சட்டங்கள் அனைத்துக்கும் இந்நீதிமன்றம் நிரந்தரக் கண்காணியாகிவிடும் என்றும், கூட்டாட்சியின் இயல்பே குலைந்துவிடும் என்றும் அவர் அஞ்சினார். எதிர்த்தோர் நால்வர். மூன்றாண்டு கழித்து, கோல்ஃபாக்ஸ் கொலைகாரர்களில் தண்டிக்கப்பட்டிருந்த சிலரின் வழக்கு வந்தபோது, திருத்தம் மாநிலத்தின் செயலைத் தடுக்குமேயன்றித் தனியாரின் செயலைத் தடுக்காது என்று கூறி அவர்களையும் நீதிமன்றம் விடுவித்தது. மத்திய அரசு ‘அது மாநிலத்தின் வேலை’ என்றது. மாநிலமோ அதனைத் தன் வேலையாகக் கருதவேயில்லை. நாம் தொடக்கத்தில் கூறிய, ஒருவரையொருவர் கைகாட்டும் காவலர்கள் இவர்களே. மில்லர் தீயவர் அல்லர். ஆனால் கூட்டாட்சியின் சமநிலையைக் காக்க வேண்டுமென்ற அவருடைய கவலையின் விலையை அவர் கொடுக்கவில்லை. லூசியானாவில் விளைநிலத்தில் நின்றவர்கள் கொடுத்தார்கள். சட்டப் புலமையின் மீது நமக்குள்ள மதிப்பை இந்த வரலாறு சற்றே அசைத்துவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

தடைபட்ட நீர் வேறு வழியில் கசிந்தது. இருபதாம் நூற்றாண்டில், ‘உரிய சட்ட நடைமுறை’ என்னும் சொற்றொடர் வழியாக ஒவ்வோர் உரிமையாக மாநிலங்களின் மீது செலுத்தப்பட்டது. சமய உரிமைக்கு அவ்வழியைத் திறந்தவர்கள், கொள்கையால் பலருக்கும் பிடிக்காத யெகோவாவின் சாட்சிகள். 1940இல் கனெக்டிகட் மாநிலத்துக்கு எதிராக வென்றனர். அதே ஆண்டு, பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த பிள்ளைகளின் வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று தோற்றனர். 1943இல் அதே கேள்வியில் வென்றனர். மூன்றாண்டில் நீதிமன்றம் தன் முகத்தையே திருப்பிக்கொண்டது. 1961இல், இறைநம்பிக்கையை உறுதிமொழியாகக் கூற மறுத்த ஒருவருக்கு நோட்டரி பதவி தர மறுத்த மேரிலாந்து மாநிலத்தின் சமயச் சோதனை வீழ்ந்தது. அவர் இறைமறுப்பாளர். நம்பிக்கை அற்றவர் ஒருவர் வென்ற வழக்கு நம்பிக்கையாளர் எல்லோருக்கும் கதவைத் திறந்தது என்பதை நம்மவர்கள் சற்று நிதானித்து எண்ண வேண்டும்.

ஆயினும் உண்மையான சோதனை சிறையில்தான். ஊராரின் அன்போ தேர்தல் வலிமையோ அற்றவனிடம் உரிமை எஞ்சுகிறதா என்பதே அளவுகோல். கூக்ளக்ஸ் கிளான் கொடுமைகளை அடக்க 1871இல் இயற்றப்பட்ட மத்திய சட்டம், மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி உரிமையைப் பறித்தவர் மீது பாதிக்கப்பட்டவரே மத்திய நீதிமன்றத்தில் வழக்கிடலாம் என்றது. தொண்ணூறு ஆண்டுகள் அது ஏறத்தாழ உறங்கிற்று. இல்லினாய்ஸ் மாநிலச் சிறையிலிருந்த, இஸ்லாமிய தேசம் என்னும் இயக்கத்தைச் சேர்ந்த கைதி ஒருவர், தம் நம்பிக்கையின் காரணமாகச் சமய நூல்களை வாங்கும் அனுமதி தமக்கு மறுக்கப்படுகிறதென்று அச்சட்டத்தின் கீழ் முறையிட்டார். அவ்வியக்கத்தின் கொள்கைகள் பல நம் மார்க்கத்துக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் கீழ் நீதிமன்றங்கள் அதற்காகத் தள்ளவில்லை. ஆபத்தானவர்கள் என்னும் பொது எண்ணத்தின் பேரில் தள்ளின. 1964இல் உச்ச நீதிமன்றம், கையெழுத்திடாத சில வரித் தீர்ப்பில், அவர் வழக்காடலாம் என்றது. சில வரிகள்தாம். உமர் இப்னு ஸயீதுக்கு ஃபயட்வில் சிறையில் இல்லாதிருந்தது அந்தச் சில வரிகளே.

வெற்றி நேர்க்கோட்டில் செல்லவில்லை. 1987இல், நியூ ஜெர்ஸி சிறையில் பணி விதிகளால் ஜும்ஆ தொழுகைக்குச் செல்ல இயலாத கைதிகள் ஐந்துக்கு நான்கு என்று தோற்றனர். ஜும்ஆவுக்கு ஈடான வேறு தொழுகை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே பெரும்பான்மை நீதிபதிகள் அவர்களை மறுத்தது வியப்புக்குரியது. 1990இல் நீதிமன்றம் சமய விலக்குகளை மேலும் சுருக்கியது. 1993இல் நாடாளுமன்றம் அதனை விரிக்கச் சட்டம் செய்தது. 1997இல் நீதிமன்றம் அச்சட்டம் மாநிலங்களைக் கட்டாது என்றது. 2000இல் நாடாளுமன்றம் கைதிகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் மட்டுமாகப் புதிய சட்டம் செய்தது. அச்சட்டத்தின் கீழ்தான் 2015இல், அரை அங்குலத் தாடி வைக்க அனுமதி கேட்ட ஆர்கன்ஸா மாநில முஸ்லிம் கைதிக்கு ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இசைந்தனர். தாடிக்குள் ஆயுதம் ஒளிக்கலாம் என்ற சிறைத்துறையின் வாதத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

அண்மைக் காலத்து இரு வழக்குகள் நம் கருத்துக்கு இருபுறமும் சான்றாகின்றன. 2010 நவம்பரில் ஒக்லஹோமா மாநிலத்தில், நீதிமன்றங்கள் ஷரீஅத் சட்டத்தைக் கருதலாகாது என்னும் அரசமைப்புத் திருத்தத்தை வாக்களித்தோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அம்மாநில முஸ்லிம் ஒருவர் வழக்கிட்டார். மத்திய நீதிமன்றம் அதனை உடனே நிறுத்தி, 2013இல் நிரந்தரமாகத் தடுத்தது. இங்கே மாநிலப் பெரும்பான்மைக்கு எதிராக மத்திய நீதிமன்றம் காவல் நின்றது. 2017இல் நிலை தலைகீழாயிற்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளிலிருந்து நுழைவைத் தடுத்துக் குடியரசுத் தலைவர் ஆணையிட்டார். வாஷிங்டன் மாநிலமும் ஹவாய் மாநிலமும் நீதிமன்றம் சென்றன. ஹவாயின் வழக்கில் அத்தீவின் இமாம் ஒருவர் மாநிலத்தோடு இணைந்து வாதியாக நின்றார். மாநில உரிமையின் குரல் ஒரு முஸ்லிமின் குரலோடு ஒன்றாக ஒலித்த அக்காட்சியை 1788இன் ஹில்ஸ்பரோவில் யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. 2018 ஜூனில், ஆணையின் திருத்திய வடிவத்தை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று நிலைநிறுத்தியது. ஜப்பானிய மரபினரை முகாம்களில் அடைத்ததை ஏற்ற 1944ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறென்று அதே தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி எழுதினார். எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி சோட்டோமேயர் இவ்விரண்டுக்குமிடையே உள்ள ஒற்றுமையைச் சுட்டத் தவறவில்லை. அந்த ஆணை 2021 ஜனவரியில் விலக்கப்பட்டது. 2025 ஜூனில் வேறு நாடுகளின் பட்டியலுடன் புதியதோர் ஆணை பிறந்தது.

ஒக்லஹோமாவில் மத்திய நீதிமன்றம், ஹவாயில் மாநில அரசு. எது காவலர் என்பது முன்கூட்டித் தெரியவில்லை. இரண்டிலும் பொதுவாக இருந்தது, தீங்குற்றவர் நேரே சென்று தட்டக்கூடிய ஒரு கதவு. அக்கதவு 1789இல் மறுக்கப்பட்டது, 1868இல் எழுதப்பட்டது, 1873இல் பூட்டப்பட்டது, அதன்பின் ஒவ்வொருவராக வந்து தோள்கொடுத்துத் தள்ளித் திறந்தார்கள். மேடிசனின் கட்டுரையில் அரசுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. குடிமகன் அவற்றுக்கிடையே அசையாமல் அமர்ந்திருக்கிறான். அக்கட்டுரையின் குறை அதுவே என்று நாம் கருதுகிறோம்.

வட கரோலினாவின் 32ஆம் பிரிவு என்னவாயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1835இல் ‘புராட்டஸ்டன்ட்’ என்பது ‘கிறித்தவம்’ என்றாயிற்று. 1868இல் அதுவும் போய், எல்லாம் வல்ல இறைவன் இருப்பதை மறுப்போர் மட்டும் பதவிக்குத் தகுதியற்றோர் என்றாயிற்று. 1971இல் இயற்றிய புதிய மாநில அரசமைப்புச் சட்டத்திலும் அவ்வாசகம் அப்படியே இடம்பெற்றது, இன்றும் இருக்கிறது. 2009இல் ஆஷ்வில் நகர மன்றத்துக்கு இறைமறுப்பாளர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, எதிர்த்தோர் அதனைத் தேடி எடுத்துக் காட்டினர். 1961ஆம் ஆண்டின் மேரிலாந்துத் தீர்ப்பு இருந்ததால் அவர் தம் இருக்கையில் தொடர்ந்து அமர்ந்திருந்தார்.